நெஞ்சுக்கூட்டுச் சமையல்காரன்

முதலில் கேட்டது அன்னக்கொடிக்குத்தான். நாயுடுபுரத்து வீட்டில் கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, மகள் ராஜகுமாரியைத் தலை தாழ்ந்த சரிவில் குப்புறப் படுக்க வைத்து, குழித்த கையால் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளனே எழுந்ததும் காப்பிக்கு முன்னால் இந்த வீட்டில் நடக்கிற சோலி இது. தட்டினால்தான் நெஞ்சில் ஒட்டிக் கிடக்கும் சளி இளகி வெளியே வரும். அன்றைக்கும் அப்படித் தட்டும்போது முதுகுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மெதுவா தட்டுங்கம்மா. உள்ள ஆளுக இருக்கம்ல."

அன்னக்கொடி கையை நிறுத்தவில்லை. "யாரு?" என்றாள். வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்கிற அதே 'யாரு'.

"இங்க குடியிருக்கிறவங்கதான்."

"எம்மா, நான் பேசல," என்றாள் ராஜகுமாரி, தலையணையில் முகம் புதைந்தபடி.

"நீ பேசலன்னு எனக்குத் தெரியாதாக்கும். இது ஆம்பளக் குரலு. மூச்ச இழுத்து விடு."

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், யாரும் கெஞ்சவில்லை. ஆனால் கொடைக்கானல் பஜார் நடுவில் காட்டெருமை நின்று கேரட் தின்பதைக் கண்கொட்டாமல் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், ஒரு நெஞ்சுக்குள்ளிருந்து குரல் வந்தது என்றால் மட்டும் முகத்தைச் சுளிப்பானேன்?

ராஜகுமாரிக்கு இருந்தது பிறவி நோய். சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்று பெயர். கைக்குழந்தையில் அவளை முத்தமிட்டவர்கள் எல்லாம் "பிள்ளை உப்புக் கரிக்குது" என்று சிரித்தார்களே தவிர, அதில் ஒரு சேதி இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. உப்பு வியர்வையில் போய்விட, நெஞ்சில் சளி பிசினாகக் கட்டிக்கொள்ளும். அந்தப் பிசினில் கிருமிகள் வந்து குடியேறும். குடியேறினால் லேசில் கிளம்பாது. காசநோய் என்று சொல்லி இரண்டு தடவை மாத்திரை தின்னவைத்து, அதற்கப்புறம் வியர்வையைச் சோதித்து, உண்மை தெரிந்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பு. பூம்பாறையில் பூண்டு விளைகிற அடுக்கு நிலத்தை அப்பா வேல்ராஜ் பார்த்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று தாயும் மகளும் நாயுடுபுரத்துக்கு வந்துவிட்டார்கள். இப்போது ராஜகுமாரி வீட்டிலிருந்தபடியே ஒரு காட்டேஜுக்கு போனில் புக்கிங் எடுக்கிறாள். "ஹீட்டர் இருக்கு சார். ராத்திரி காட்டெருமை வந்தா கதவத் திறக்காதீங்க சார்." இதற்கு இடையில் மூன்று தடவை இருமல்.

அவளுக்கு ஆசை என்று ஒன்றுதான் இருந்தது. பூம்பாறை மாரியம்மன் கோயிலில் முளைப்பாரி எடுக்கும்போது முதல் குலவை அவளுடையதாக இருக்க வேண்டும். நோஞ்சான் பிள்ளை என்று சின்ன வயதில் யாரும் அவளைப் பாரி தூக்க விட்டதில்லை, கும்மி வட்டத்தில் சேர்த்ததில்லை. ஓரமாக நின்ற பிள்ளை ஒருநாள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டது. அது நிற்கவே இல்லை. கும்மி அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பாரியை இறக்கி வைக்கும் முன்னால் அவள் ஆரம்பிக்க வேண்டும், மற்றப் பெண்கள் பின்னால் எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. போன வருஷம் அவள் வாயைத் திறந்தபோது இருமல்தான் வந்தது. சித்தப்பா மகள் முருகேஸ்வரி சட்டென்று எடுத்து ஒப்பேற்றினாள். "அடுத்த வருஷமும் அக்காவால முடியலைன்னா நானே ஆரம்பிச்சுக்கிறேன், பாவம்," என்றாள். அந்தப் 'பாவம்' ராஜகுமாரியின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இந்த வருஷமும் மூச்சு வராவிட்டால் முதல் குலவை கைமாறிவிடும்.

ஆகவே உள்ளே குடியிருக்கிறவர்கள் யார், என்ன, எப்போது காலி செய்வார்கள் என்பது அவளுக்கு விளையாட்டு விஷயம் இல்லை.

விசாரித்ததில் மூன்று பேர் இருப்பது தெரிந்தது. அன்னக்கொடி அவர்களுக்கு ஊர் வழக்கப்படி பட்டப்பெயர் வைத்துவிட்டாள். முதலில் பேசினவன் பச்சையன். துப்பினால் பச்சையாக வருகிறவன், ராஜகுமாரியின் நெஞ்சையே தன் பெயரில் பட்டா போட்டுக்கொண்ட மாதிரிப் பேசுகிறவன். இரண்டாவது மஞ்சக்காரி. சின்ன வயதிலிருந்தே இருப்பவள், பச்சையன் வந்த பிறகு மூலைக்குப் போனவள். மூன்றாவது குரல் ரொம்ப நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. அவன் ராஜகுமாரியின் வாயிலிருந்து நெஞ்சுக்கு இறங்கி வந்தவன். காற்றுப் பட்டால் உயிரை விட்டுவிடுவான். நுரையீரலில் போய் காற்றுக்குப் பயந்தவன் குடியிருக்கலாமா என்று கேட்டால், சளி அடைத்த சந்துகளில் காற்று எங்கே நுழைகிறது? அங்கே உட்கார்ந்து அவன் சமைத்துக்கொண்டிருந்தான். சளியை அப்படியே தின்ன மற்றவர்களுக்குத் தெரியாது. அவன்தான் அதை உடைத்து, பக்குவம் பண்ணி, எல்லோருக்கும் பரிமாறுகிறவன். அவனுக்குச் சமையக்காரன் என்றே பெயர் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மஹ்ஜபின் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்ததும் பச்சையன், "வாங்க டாக்டரம்மா, சௌக்கியமா?" என்றான். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது. லேப் ரிப்போர்ட்டை எடுத்து ராஜகுமாரியின் முதுகுக்கு நேராகப் பிடித்தார்.

"இங்க பாரு. இந்த இன்ஜெக்‌ஷனுக்கு நீ சென்சிட்டிவ்னு போட்டிருக்கு. போன கோர்ஸ்லயே நீ செத்திருக்கணும். என்ன அர்த்தத்துல இன்னும் பேசிக்கிட்டு இருக்க?"

"அது லேப் தட்டுல இருந்தவன் டாக்டரம்மா. ஒத்தையில கொண்டுபோய் ஒரு தட்டுல விட்டா எவன்தான் சாகமாட்டான்? இங்க நான் ஊரோட இருக்கேன்ல."

"ஊரோட இருந்தா?"

"நீங்க அனுப்புற மருந்துல பாதிய அந்தச் சமையக்காரப் பய மென்னு துப்பிருறான். அவனக் காப்பாத்திக்கத்தான் துப்புறான், எனக்காக ஒண்ணும் இல்ல. ஆனா மிச்சம் வர்றது எனக்கு இருமல் மிட்டாய் மாதிரி."

டாக்டர் ரிப்போர்ட்டைத் தேடினார். சமையக்காரன் பெயர் அதில் எங்கேயும் இல்லை. காற்றில் செத்துப்போகிறவன் சாதாரணச் சோதனையில் எப்படி முளைப்பான்? "இவன கேஸ்லயே சேக்கலையே," என்று டாக்டர் முணுமுணுத்தார்.

"மஞ்சக்காரி, நீ?" என்றார் அடுத்து.

மூலையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "நான் மூச்சு விடுறதில்லம்மா. இந்தப் பச்சையன் விடுற விஷத்துல மூச்சே விடாம ஒடுங்கிக் கெடந்து பழகிட்டேன். உங்க மருந்து மூச்சு விடுறவங்களாப் பாத்துல்ல உள்ள நுழையுது. என்னயத் தாண்டிப் போயிருது."

"அடப் பாவமே," என்றாள் அன்னக்கொடி. முதுகை வேறு ஒரு தரம் தடவிக் கொடுத்தாள்.

"எம்மா, அது என் நெஞ்சத் தின்னுக்கிட்டு இருக்கு. அதுக்குப் போய்ப் பாவம் பாக்குற!" என்று ராஜகுமாரி கத்தினாள். கத்தியதில் இருமல் வந்து, உள்ளே இருந்த மூன்று பேரும் சேர்ந்து "மெதுவா, மெதுவா" என்றார்கள்.

டாக்டர் விடவில்லை. அதைவிடப் பெரிய ஊசி, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கையில் டியூப் சொருகி, வாரக்கணக்கில் ஏற்றினார். முதலில் எல்லாம் அடங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து செங்கல் கட்டிலில் படுத்த முதல் காலையில் பச்சையன் கொட்டாவி விட்டான். "ஊசி பரவாயில்ல. ஓரஞ்சாரத்துல நின்ன சில்லறைப் பயலுகல்லாம் போயிட்டானுக. இப்ப இடம் தாராளமா கெடக்கு."

"குரங்க விரட்டுனா காட்டுப்பன்னி வந்து எறங்குது," என்று அன்னக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். பூம்பாறைத் தோட்டத்தில் அவள் கண்ட அனுபவம் அது.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. டாக்டர் அடுத்ததாக எழுத நினைத்திருந்த மருந்தின் பெயரைப் பச்சையன் முன்கூட்டியே சொன்னான். டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் நீங்கதான இந்தப் பிள்ளகிட்டச் சொன்னீங்க? அவ காதுல விழுறது எங்களுக்கும் விழும்ல. ஒரே வீடுதான?"

வந்தது வினை. அன்றையிலிருந்து ராஜகுமாரிக்கு அவளுடைய வைத்தியம் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று முடிவாகிவிட்டது. அவளிடம் சொன்னால் அவள் நெஞ்சு கேட்டுவிடும். டாக்டர் அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அன்னக்கொடியோடு குசுகுசுத்தார். அன்னக்கொடி மெடிக்கல் ஷாப் தமீம் அன்சாரியிடம் போய்க் குசுகுசுத்தாள். அவர் மாத்திரை அட்டையில் பெயர் தெரியாமல் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். பூம்பாறை பஸ் கண்டக்டருக்குத் தெரியும், பூண்டு மண்டியில் தெரியும், எதிர்வீட்டுக்காரிக்கு மாத்திரை போடுகிற வேளை உட்படத் தெரியும். ராஜகுமாரி தெருவில் நடந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"அண்ணே, எனக்கு என்ன மாத்திரண்ணே குடுக்குறீங்க?" என்று ஒருநாள் கடைக்கே போய்க் கேட்டாள்.

தமீம் அன்சாரி முதலில் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் மார்புக்கு நேராகப் பார்த்து, அப்படிப் பார்த்ததற்கே கூசிப்போய் மேலே சீலிங்கைப் பார்த்தார். "சத்து மாத்திரம்மா," என்றார் உரக்க, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

"பொய் சொல்றாரு," என்றான் பச்சையன், அவள் வீட்டுக்கு வந்து படுத்ததும். ராஜகுமாரிக்கு அழுகை முட்டியது. ஊரில் உண்மை பேசுவது இவன் ஒருத்தன்தானா? எவன் தன்னைத் தின்கிறானோ அவன்?

முளைப்பாரிக்கு விதை போடுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. போனில் "ஹீட்டர் இருக்கு சார்" சொல்லவே நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. அந்த வாரத்தில் ஒரு காலை, முதுகில் தட்டும்போது உள்ளே பெரிய சண்டை வெடித்தது.

"நாளு பூராம் வடிச்சுக் கொட்டுறேன், ஒரு பய நல்லா இருக்குன்னு சொல்றதில்ல!" இது சமையக்காரன்.

"பெருசா சமைக்கிற. வெந்தும் வேகாம," என்றான் பச்சையன்.

"அப்ப நீயே சளிய உடைச்சுத் தின்னு பாப்போம். ஒனக்கு அதுக்கு வக்கு இருக்கா? நான் கைய மடக்குனா ஒரு வாரத்துல நீ சுருண்டுருவ."

பச்சையன் வாயடைத்துப் போனதை அந்த வீடு அன்றைக்குத்தான் கேட்டது.

ராஜகுமாரிக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. போன சீசனில் அவள் புக்கிங் எடுக்கிற காட்டேஜில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. ஹீட்டர் போனது, தண்ணீர் நின்றது, மேனேஜர் கெஞ்சினார், மிரட்டினார். ரூமைக் காலி செய்ய மாட்டேன் என்று சட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர் திருமலைச்சாமி கோபித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் அத்தனை பேரும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஒருத்தரும் அவர்களை விரட்டவே இல்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ரூமுக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்க, "டாக்டர், பெரியவன அடிக்காதீங்க. சாப்பாடு போடுறவன…" என்று ஆரம்பித்தாள்.

டாக்டர் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினார். "ஷ்ஷ்! கேட்டுரப் போறாங்க!" அவர் கண் பளபளத்தது. விஷயம் புரிந்துவிட்டது. "நானும் படிச்சிருக்கேன். லேப்ல செஞ்சு பாத்திருக்காங்க. ஒருத்தன் சமைச்சு ஒருத்தன் தின்னுற கூட்டத்துல, சமைக்கிறவன் எந்த மருந்துக்குத் தாங்கலையோ அந்த மருந்துக்கு மொத்தக் கூட்டமும் தாங்காதாம். ஆனா ஆளு நெஞ்சுல அப்படியே நடக்கும்னு கேரண்டி இல்ல…" பேசிக்கொண்டே வந்தவர் யாரிடம் பேசுகிறோம் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீ வெளிய உக்காரும்மா. அம்மாவ உள்ள அனுப்பு."

"டாக்டர், இது என் யோசன."

"தெரியும்மா. அதான் வெளிய உக்காரு."

பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். டாக்டர் கையை ஆட்டிப் பேச, அம்மா தலையை ஆட்டினாள். நடுவில் இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவைத்தார்கள். நெஞ்சு அவளுடையது, யோசனை அவளுடையது, வெளியே உட்கார்ந்திருப்பதும் அவளே.

மறுநாள் காலை அன்னக்கொடி தட்டுவது வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. ராஜகுமாரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். மகள் தூங்குகிறாள் என்று நினைத்து அன்னக்கொடி குனிந்து, முதுகில் உதடு படுகிற அளவுக்கு வாயைக் கொண்டுவந்தாள்.

"ஏய்யா சமையக்காரா, இருக்கியா? நாளைல இருந்து ஒனக்கு மாத்திர ஆரம்பிக்கிறாங்க. வயித்தாலை போனாக் குடுக்குற சாதா மாத்திரதான். ஒனக்குன்னுதான் குடுக்குறாங்க. தப்பா எடுத்துக்காதய்யா. இத்தன நாளு எம்புள்ள வீட்ல சமைச்சிருக்க. சொல்லாமக் கொள்ளாம ஒருத்தர அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்ல. அதான் ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"சரிங்கம்மா," என்றான் சமையக்காரன். "நீங்களாவது சொன்னீங்களே."

ராஜகுமாரி எழுந்தாள். தலைகீழாகக் கிடந்தவள் அப்படி எழுந்தால் தலை சுற்றாதா, சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிருமிகிட்டச் சொல்ற. என்கிட்டச் சொல்லலையேம்மா!"

"ஏட்டி, நீ முழிச்சா கெடக்க?"

"பஸ் கண்டக்டருக்குச் சொல்லியாச்சு, எதுத்த வீட்டுக்குச் சொல்லியாச்சு. இப்ப என்னைய அரிச்சுத் தின்னுற சமையக்காரனுக்கும் சொல்லியாச்சு. நான் யாரும்மா இந்த வீட்ல? நான் வெறும் கட்டடமா?"

"ஒன்கிட்டச் சொன்னா அதுகளுக்குக் கேட்டுருமேன்னுதான்…"

"அதுகளுக்கு நீதான் சொல்லிட்டியே!"

செய்த காரியம் அப்போதுதான் அன்னக்கொடிக்கு உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அதுக்கில்லடி. இந்த மாத்திரையும் கேக்கலைன்னா அடுத்து கையில ஒண்ணும் இல்லைங்கிற மாதிரி டாக்டரம்மா பேசுனாங்க. அத ஒன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? பயந்துருவியேன்னு இருந்துச்சு."

"எனக்குப் பயமில்ல."

"எனக்குப் பயமா இருக்குடி," என்றாள் அன்னக்கொடி, குரல் உடைந்து.

ராஜகுமாரிக்குக் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உள்ளே இருந்த மூவரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மாத்திரை ஆரம்பித்தது. ஸ்டிக்கர் இல்லாத அட்டையைத் தமீம் அன்சாரி நேராக அவள் கையிலேயே கொடுத்து, "வயித்தாலைக்குத்தான் இது. ஒனக்கு நெஞ்சுக்காம். என்னமோ போ," என்றார். சமையக்காரன் சத்தம் நாளுக்கு நாள் தேய்ந்தது. போகும்போது பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, "அடுப்ப அணைச்சுட்டேன்," என்றதோடு சரி. அதற்கப்புறம் பச்சையனின் ஜம்பம் இறங்க ஆரம்பித்தது. "பசிக்குது," என்றான் ஒருநாள். "ஏதாவது கெடைக்குமா?" என்றான் மறுநாள். மென்று துப்ப ஆள் இல்லாததால், கூடவே போய்க்கொண்டிருந்த பழைய மருந்து முழுசாக வந்து அவன் தலையில் இறங்கியது. அவன் ஒடுங்கியதும், விஷம் நின்று, மூலையில் கிடந்த மஞ்சக்காரி வருஷக்கணக்குக்கு அப்புறம் ஒரு மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். "அப்பாடா," என்றாள். மூச்சு விட்டவளை மருந்து உடனே கண்டுபிடித்துவிட்டது. அன்னக்கொடி அன்றைக்குப் பூராவும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வீடு நிசப்தம். தட்டினால் முதுகு முதுகாக மட்டும் ஒலித்தது. ராஜகுமாரி படி ஏறினாள், போனில் காட்டேஜ் விவரம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள், ஒரு கஸ்டமர், "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க மேடம்," என்றார். அவள் போனை வைத்துவிட்டு அந்த வார்த்தைக்காகவே கொஞ்ச நேரம் சிரித்தாள்.

முளைப்பாரி அன்று பூம்பாறைக்குப் பஸ் ஏறினார்கள். மலைச்சரிவில் பூண்டு வாசம் பஸ்ஸுக்குள் வரை வந்தது. கோயில் வாசலில் பெண்கள் பாரியோடு வட்டமாக நின்றார்கள். முருகேஸ்வரி பக்கத்தில் வந்து, "அக்கா, நீங்களே ஆரம்பிங்க," என்றாள். ரொம்பப் பணிவாகச் சொன்னாள். சந்தேகப்படுகிற அளவுக்குப் பணிவு. அன்னக்கொடி வட்டத்தில் ஒவ்வொருத்தி காதிலும் ஏதோ சொல்லிக்கொண்டு போவதை ராஜகுமாரி பார்த்தாள்.

மூச்சை இழுத்தாள். நாக்கு சுழன்றது. குலவை மேலே எழும்பியது. நெஞ்சு விரிந்து கொடுத்தது, அடைப்பு இல்லை, இருமல் இல்லை. அப்பா வேல்ராஜ் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. இன்னும், இன்னும் என்று போய்க்கொண்டே இருந்தாள். கண்ணில் இருட்டு கட்டியது. குலவை மட்டும் அறுபடவில்லை, கோயில் ஓட்டு விளிம்பைத் தொட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. நின்றபோது ஊரே ஆரவாரம் பண்ணியது.

"அம்புட்டும் ஒரே மூச்சு! அம்புட்டும் நம்ம ராஜகுமாரிதான்!" என்றார்கள். முருகேஸ்வரிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். ஆனால் குலவைக்கு நடுவே அவள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்ததும், பொத்தினதற்குள் கன்னம் துடித்ததும் ராஜகுமாரியின் கண்ணில் பட்டிருந்தது. வட்டத்தில் வேறு சிலரும் பொத்தியிருந்தார்கள். யாரிடம் கேட்டாலும் நீதான், நீதான் என்றார்கள். அவளுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அடுத்த நாள் காலை, நாயுடுபுரத்தில், செங்கல் கட்டிலில் குப்புறக் கிடந்தாள். அன்னக்கொடி தட்ட ஆரம்பித்தாள்.

"எம்மா, உண்மையச் சொல்லு. நேத்துக் குலவ முழுக்க நான்தானா?"

"ஒன்னத் தவிர யாருடி? முழுக்க நீதான்."

"அம்மா."

"மாரியாத்தா மேல சத்தியமா நீதான்டி."

தட்டும் கை ஒரு தரம், இரண்டு தரம் விழுந்தது. முதுகுக்குள்ளே, எங்கோ ஓரத்தில், பலவீனமாக ஒரு குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பாதிதான்," என்றான் சமையக்காரன். "மீதிப் பாதி அந்தப் பிள்ள முருகேஸ்வரி."

அன்னக்கொடியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "நீ… நீ போகலையா?"

"நீங்க முன்கூட்டியே சொல்லிட்டீங்களேம்மா. எங்காளுகள்ல கொஞ்சப் பேரு வாயோரமா ஈறு இடுக்குல போய் ஒதுங்கி நின்னுக்கிட்டோம், இப்பத் திரும்ப எறங்கி வந்திருக்கோம்."

அன்னக்கொடி அப்படியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ராஜகுமாரி தலையணையில் முகம் புதைத்துக் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து அம்மா தோளைப் பிடித்துத் திருப்பினாள். முகமெல்லாம் கண்ணீர்தான், ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"பாதியாம்மா," என்றாள். "போன வருஷம் ஒண்ணுமே இல்ல. இந்த வருஷம் பாதி என்னோடது. நெசமாவே என்னோடது."

அன்னக்கொடி அழுதாள். மகள் அவள் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்தாள்.

"தட்டுறத நிறுத்தாத. அப்படியே டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வையி. இனி எது பேசுனாலும் என் முன்னாடி பேசணும். அவனும் வேணா கேட்டுக்கிறட்டும்."

அன்னக்கொடி ஒரு கையால் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் போனை எடுத்தாள்.